கேலக்ஸி ஜூ: ராத்திரி பத்து மணிக்கு மேல் அரை மணி நேரம்

பிள்ளைகள் தூங்கிய பிறகு மடிக்கணினியைத் திறந்து, விண்மீன் மண்டலப் (கேலக்ஸி) படங்களைப் பொதுமக்களே வகைபிரிக்க உதவும் ‘கேலக்ஸி ஜூ’ இணையதளத்துக்குள் போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. காசு கிடையாது, பட்டமும் கேட்பதில்லை. ஒரு விண்மீன் மண்டலத்தின் படம் வரும். வழவழப்பாக இருக்கிறதா, தட்டு வடிவமா, சுருள் கைகள் எத்தனை என்று கேட்கும். பார்த்துச் சொல்ல வேண்டியதுதான். ஒரே படத்தைப் பலரிடம் காட்டி, எல்லார் பதிலையும் சேர்த்தே முடிவெடுக்கிறார்கள். அதனால் தைரியமாகப் பதில் சொல்லலாம்.

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த தொலைதூரப் படங்கள்தான் எனக்கு உயிர். ஒன்று இன்னும் கண்ணிலேயே நிற்கிறது: பாகு சரியாகப் பிடிக்காத பொரி உருண்டை மாதிரி, நீலத் திட்டுகள் ஐந்தாறு ஒட்டிக்கொண்டு, நடுவில் மையமே இல்லாமல். பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஒளி! அந்தக் காலத்து மண்டலங்களில் வாயு அதிகம். அது திட்டுத்திட்டாகச் சுருங்கி விண்மீன்களாகும். ஒழுங்கான சுருள்கள் பெருகியது பிற்பாடுதான்.

2007-இல் தொடங்கிய சேவை இது. ‘பச்சைப் பட்டாணி’ மண்டலங்களை முதலில் கவனித்தவர்கள் இங்குள்ள தன்னார்வலர்கள்தான். உருவத்தில் சிறியவை, ஆனால் படுவேகமாக விண்மீன்களை உருவாக்குபவை. ஆதிப் பிரபஞ்சத்து மண்டலங்களை ஒத்திருப்பதால் ஆய்வாளர்களுக்கு அவை பொக்கிஷம்.

கைபேசியில் வேண்டாம், மங்கலான கைகள் சின்னத் திரையில் தெரியாது. அப்புறம், அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.