பெரம்பூர் பழைய ரெக்கார்டு கடையில் வாங்கிய விவால்டி

பெரம்பூர் ரயில் நிலையம் பக்கம் இருக்கும் சின்னக் கடை. இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் 'நான்கு பருவங்கள்' (பருவத்துக்கு ஒன்றாக நான்கு வயலின் இசைப் படைப்புகள்) எல்பி இசைத்தட்டு, 400 ரூபாய். பேரம் பேசினால் இன்னும் குறையும் போல.

முதல் பக்கம் சுத்தமாக இருக்கிறது. வசந்தத்தின் நடுப்பகுதியில் ஆடு மேய்ப்பவன் தூங்க, வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம்) மட்டும் அவனுடைய நாய் குரைப்பதாக விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும், அது சாதாரண ஸ்பீக்கரிலேயே தெளிவாகக் கேட்கிறது. கோடையின் கடைசியில் வரும் புயலுக்கு மட்டும் சத்தத்தைக் கூட்டி வையுங்கள், வடகிழக்குப் பருவமழையில் காசிமேடு கடல் கொந்தளிக்கிற மாதிரி இருக்கும். சிக்கல் இரண்டாம் பக்கம்தான். குளிர்காலத்தில் ஒருவர் நெருப்பருகே உட்கார்ந்திருக்க, வெளியே விழும் மழைத்துளிகளை வயலின்கள் வில் இல்லாமல் விரலால் மீட்டிக் காட்டும் அந்த அருமையான இடத்தில் ஒரு கீறல், டக் டக்கென்று! கடைக்காரர் போட்டுக் காட்டித்தான் தருகிறார், ஆனால் ஒரு பக்கம் மட்டும். இரண்டையும் போடச் சொல்லுங்கள்.

அட்டைக் குறிப்பு ரொம்பச் சுமார். 1678-ல் வெனிஸில் பிறந்தார், பாதிரியார், 1741-ல் வியன்னாவில் வறுமையில் இறந்தார், அவ்வளவே. பியட்டா என்ற ஆதரவற்றோர் இல்லத்துப் பெண்களுக்கு 1703 முதல் வயலின் சொல்லிக்கொடுத்ததும், தன் இசையில் நிறைய அவர்கள் வாசிப்பதற்காகவே எழுதியதும் அதில் இல்லை. 1725-ல் இந்த இசையோடு கவிதைகளும் அச்சானதே, நாய் குரைப்பதெல்லாம் அதிலிருந்துதான் தெரியும், அதையாவது போட்டிருக்கலாம்.

கீறல் இல்லாத பிரதி என்றால் 400 தாராளமாகக் கொடுக்கலாம். அப்புறம், பார்சல் அனுப்ப மாட்டார்கள், நேரில்தான் போக வேண்டும்.