நீர்ப்பிரம்மி: பன்னிரண்டு வாரம் எடுத்தால் என்ன தெரியும்?

நினைவாற்றலுக்காக எடுக்கும் மூலிகையான நீர்ப்பிரம்மியைப் பாதியில் விடுபவர்கள் பெரும்பாலும் இரண்டு காரணம் சொல்வார்கள்: வயிற்றுக்கு ஒத்துவரவில்லை, பத்து நாளாகியும் ஒன்றும் தெரியவில்லை. முதலாவதைச் சரிசெய்யலாம். இரண்டாவது அவசரம், பத்து நாளில் ஒன்றும் தெரியாது.

வாங்கும்போதே கவனம் வேண்டும். ‘பிரம்மி’ என்று கேட்டால் வல்லாரைப் பொடியும் கைக்கு வரும். வடநாட்டில் இரண்டுக்குமே அந்தப் பெயர் புழங்குகிறது. வல்லாரை இலை வட்டமாக, ஓரம் பல்பல்லாக, நீண்ட காம்போடு இருக்கும். நீர்ப்பிரம்மி இலை சின்னது, தடித்தது, காம்பில்லாமல் தண்டில் எதிரெதிராக இருக்கும். கடித்தால் நல்ல கசப்பு. அரைத்துவிட்டால் இலை அடையாளம் போய்விடும், அதனால் டப்பாவில் ‘பகோப்பா மொன்னியேரி’ (Bacopa monnieri) என்ற தாவரவியல் பெயர் இருக்கிறதா பாருங்கள். ஈர நிலத்துச் செடி என்பதால் காட்மியம், ஈயம் போன்ற நச்சு உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும். சாக்கடை கலக்கும் குளக்கரையில் பறிக்கவே கூடாது.

அளவில்தான் பெரிய குழப்பம். ஆய்வுகளில் அதிகம் கொடுக்கப்பட்டது பாகோசைடு (நீர்ப்பிரம்மியின் முக்கியச் செயல்பொருள்) 55 சதவீதம் உள்ள சாரம், நாளுக்கு 300 மி.கி. வெறும் பொடி என்றால் 1 முதல் 3 கிராம். 300 மி.கி. பொடியை அடைத்த காப்ஸ்யூலைச் சாரம் என்று நினைத்து விழுங்கினால் காசுதான் வீண். வெறும் வயிற்றில் எடுத்தால் குமட்டல், வயிற்றுப் பிடிப்பு, அடிக்கடி மலம் போவது எல்லாம் வரலாம். சாப்பாட்டுக்குப் பிறகு, பாதி அளவில் தொடங்குங்கள். நெய்யோடு எடுப்பது பழைய வழக்கம். பிரம்மி கிருதமே நெய் மருந்துதான்.

பலனின் எல்லை குறுகியது. 2002இல் ஆஸ்திரேலியாவில் 40 முதல் 65 வயதுள்ள 76 பேரை வைத்து நடந்த மூன்று மாத ஆய்வில், கற்கும் வேகம் கூடவில்லை. புதிதாகக் கற்றது மறப்பது குறைந்தது. உங்களுக்குப் பயன்படுகிறதா என்று பார்க்க, தொடங்குமுன் 15 சொற்களை ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்; அரை மணி கழித்து நினைவில் இருப்பதை எழுதுங்கள். பன்னிரண்டாம் வாரம் வேறு சொற்களில் திரும்பச் செய்யுங்கள். அதே பட்டியல் என்றால் பழக்கமே மதிப்பெண் வாங்கித் தந்துவிடும். ஒரு நாள் கணக்கை நம்பாமல் இரண்டு மூன்று நாள் சராசரி பாருங்கள், தூக்கம் கெட்ட நாளை விடுங்கள்.

முதுமையே தள்ளிப்போகும் என்ற விளம்பரத்துக்கு ஆதாரம் இல்லை. நினைவாற்றலுக்கு என்று விற்கும் ஜிங்கோ மர இலைச் சாரமும் அப்படித்தான். 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 75 வயதும் அதற்கு மேலும் உள்ள 3,069 பேரில் அது மறதிநோயைத் தடுக்கவில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ஜிங்கோவால் ரத்தக்கசிவு அபாயம் வேறு.

மறதிநோய்க்கான டோனெபிசில் மாத்திரையோ தைராய்டு மாத்திரையோ எடுப்பவர்கள், நாடித்துடிப்பு மெதுவாக உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நீர்ப்பிரம்மியைத் தொட வேண்டாம். கர்ப்பிணிகளும் தவிர்க்கலாம். மறதி சில வாரங்களிலேயே கூடிக்கொண்டு போனால் மூலிகைக்குக் காத்திருக்காமல் வைட்டமின் பி12, தைராய்டு இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் பாருங்கள்.