யானை பிளிறினால் நிறுத்திவிடுகிறேன்: காட்டுயிர் பாட்காஸ்ட்டுகளைக் கேட்ட அனுபவம்

பென்னாகரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் சுற்றுச்சூழல் மன்றத்தைக் கவனித்துவரும் ஆசிரிய நண்பர், காட்டுயிர் பாதுகாப்பு, சூழலியல் குறித்து மாணவர்களுக்குப் போட்டுக் கேட்கவைக்கத் தக்க பாட்காஸ்ட்டுகள் எவை என்று சென்ற வாரம் கேட்டார். தருமபுரிக்கும் ஓசூருக்கும் இடையே கம்பெனிப் பேருந்தில் போய்வருகிற நேரமெல்லாம் சில ஆண்டுகளாக எனக்கு இவற்றில்தான் கழிகிறது. நாலைந்து பெயர்களை எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்; பெயர்களுக்கு முன்பாகப் புகார் வந்து நின்றுகொண்டது.

செயலி எது, நிகழ்ச்சியின் நீளம் என்ன என்பவற்றையெல்லாம் அவரவர் பார்த்துக்கொள்ளலாம். விளம்பரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பல நிகழ்ச்சிகளில் விளம்பரம், நாம் பதிவிறக்கும் வேளையில், நாம் இருக்கும் ஊரைக் கணித்துச் செருகப்படுகிறது. ஆகவே யானை வழித்தடங்கள் துண்டாடப்படுவதைப் பற்றி ஓர் ஆய்வாளர் வருந்திக்கொண்டிருக்கும்போதே, ஓசூர்ச் சாலையில் மனை வாங்க அழைக்கும் குரல் குறுக்கே வரலாம். எனக்கு வந்திருக்கிறது. அதைக்கூடச் சிரித்துக்கொண்டு மன்னித்துவிட முடிகிறது.

மன்னிக்க முடியாதது பின்னணி ஒலி. 'தென்னிந்தியாவின் அடர்ந்த காடு' என்று தொகுப்பாளர் சொல்லி வாய் மூடுவதற்குள் ஒரு யானை பிளிறும். அதற்குப் பின்னால் ஒரு பறவை கெக்கலித்துச் சிரிக்கும். அந்தச் சிரிப்பு குக்குபராவுடையது. அது ஆஸ்திரேலியப் பறவை; பழைய ஹாலிவுட் படங்கள் உலகத்துக் காடுகள் அனைத்துக்கும் அதன் குரலையே பூசிவிட்டதால், ஒலிக்கோப்பு விற்பவர்களிடம் 'காடு' என்று கேட்டால் இன்றும் அதுவே கிடைக்கிறது போலும். காட்டில் விடிகிறது என்பதைக் காட்ட ஊர்ச்சேவல் கூவுவதையும் கேட்டிருக்கிறேன். வீட்டுக் கோழியின் முதன்மையான மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி, வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள காடுகளுக்கு உரியது. நம் பக்கத்துக் காடுகளில் இருப்பது சாம்பல் காட்டுக்கோழி. அதன் கூவல் முறித்து முறித்து வரும், சேவலின் நீட்டல் அதில் இராது. அஞ்செட்டியிலோ உரிகத்திலோ காட்டோரம் வளர்ந்த ஒரு சிறுவனுக்கு இந்த வேறுபாடு சொல்லாமலே தெரியும். அவன் முன்னால் இந்த நிகழ்ச்சியைப் போட்டால், அதற்குப் பிறகு சொல்லப்படும் எதையும் அவன் ஏன் நம்ப வேண்டும்?

யானையின் விஷயத்தில் இந்தப் பொய் இன்னும் பெரியது. 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக் காட்சிசாலையில் ஆசிய யானைகளின் அருகில் நின்றிருந்த கேட்டி பெய்ன் என்னும் விலங்கொலி ஆய்வாளர், காற்றில் ஓர் அதிர்வு துடிப்பதை உணர்ந்தார். அவை தமக்குள் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வு) வரையிலான தாழ்ந்த ஒலிகளில் பேசிக்கொள்கின்றன என்பது அதைத் தொடர்ந்து பதிவானது. மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்பதில்லை. நம்முடைய மலிவான இயர்போன்கள் அதற்கு வெகு மேலேயே நின்றுவிடுகின்றன. அதாவது, யானைகளின் உரையாடலில் ஒரு பெரும்பகுதி எந்தப் பாட்காஸ்ட்டிலும் வர முடியாதது. இதை ஒரு தொகுப்பாளர் சொல்லிவிட்டு, அந்த ஒலியை நம் காதுக்கு எட்டும் சுருதிக்கு உயர்த்திக் கேட்கச் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அதற்கு மாறாக, அச்சத்திலும் பரபரப்பிலும் எழும் பிளிறலையே ஒவ்வொரு அத்தியாயத்தின் வாசலிலும் கட்டிவைக்கிறார்கள்.

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது யானைகளைத் தடுக்கத் தேன்கூடுகளைத் தொங்கவிடும் கென்யாவின் தேனீ வேலிகள் பற்றிய ஓர் அத்தியாயத்தின்போது. கலைக்கப்பட்ட தேனீக்களின் ஒலியைப் பதிவு செய்து ஒலிக்கச் செய்தபோது ஆப்பிரிக்க யானைகள் விலகி ஓடின என்பது 2007-இல் வெளியான ஆய்வு. யானை ஆய்வாளர் லூசி கிங்கும் அவருடைய குழுவினரும் செய்தது. ஒப்பீட்டுக்காக வேறோர் இரைச்சலையும் ஒலிக்கவைத்து, அதற்கு யானைகள் அவ்வாறு ஓடவில்லை என்று காட்டினார்கள். யானைக்கு அசல் எது, வெற்றிரைச்சல் எது என்று தெரிகிறது என்பதே அந்த ஆய்வின் அடிப்படை. அதை நாற்பது நிமிடம் விளக்கிய நிகழ்ச்சி, அந்த நாற்பது நிமிடமும் கேட்பவருக்கு எங்கிருந்தோ வாங்கிய ஒலியைப் போட்டுக்கொண்டிருந்தது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். காட்டுக்குள் ஒலிப்பதிவு என்பது காற்றோடும் பூச்சியோடும் போராடுகிற வேலை; தரமான கருவி விலை கூடியது; சரணாலயத்துக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி தேவை. தன் சம்பளத்திலிருந்து செலவழித்து நிகழ்ச்சி நடத்துகிற ஒருவரிடம் காட்டின் அசல் ஒலியைக் கேட்பது அதிகம்தான். ஆனால் ஒலி இல்லாமலே பேசலாமே. 'த திங் அபௌட் வைல்ட்லைஃப்' என்னும் இந்திய நிகழ்ச்சி, களத்தில் பணிபுரிகிறவர்களை உட்காரவைத்துப் பேசவிடுகிறது. ஆங்கிலத்தில் இருப்பதொன்றே மாணவர்களுக்குத் தடை.

எதிர்பாராத மகிழ்ச்சியைத் தந்தது 'பேர்ட்நோட்' என்னும் பறவை நிகழ்ச்சி. இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. பேசப்படுபவை பெரும்பாலும் அமெரிக்கப் பறவைகள். நமக்கு அவற்றால் ஆவது ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் முடிவில், இந்தக் குரல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெக்காலே ஒலிக்காப்பகத்திலிருந்து பெறப்பட்டது, பதிவு செய்தவர் இன்னார் என்று பெயர் சொல்லி முடிக்கிறார்கள். அந்த ஒரு வரிக்காகவே அதைக் கேட்கத் தொடங்கினேன். இப்போது எந்தப் பாட்காஸ்ட்டையும் தேர்ந்தெடுக்கும் முன் கடைசி ஒரு நிமிடத்தைத்தான் முதலில் ஓட்டிப் பார்க்கிறேன். ஒலி எங்கிருந்து வந்தது என்று சொல்பவர்கள், தகவல் எங்கிருந்து வந்தது என்பதையும் பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள். ஐயம் வந்தால், பறவைக் குரல்களைத் திரட்டிவைக்கும் 'ஸீனோ-கான்டோ' இணையதளத்தில் இடமும் நாளும் குறித்த பதிவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவு திட்டிய பிறகும், இந்த வாரம் எதை நீக்கினேன் என்று பார்த்தால், நீக்கியது எதுவுமில்லை. குக்குபரா சிரிக்கிற அந்த நிகழ்ச்சிதான், மின்வேலி குறித்து ஓர் அத்தியாயம் முழுவதையும் விவசாயிகளிடம் கொடுத்தது. முறையான சூரிய மின்வேலி விட்டுவிட்டுத் துடிப்பாக மின்சாரம் செலுத்தி விலங்கை விரட்டுகிறது, மின்கம்பத்திலிருந்து நேராகக் கொக்கி போட்டு இழுத்த கம்பி கொன்றுவிடுகிறது என்பதை அவ்வளவு தெளிவாக வேறெங்கும் நான் கேட்டதில்லை. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே மூன்று பெண் யானைகள் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி இறந்து, இரண்டு குட்டிகள் தனித்து நின்ற தருமபுரி மாவட்டம் இது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2022 நவம்பரில்தான், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காடு காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருந்தது. ராகி முற்றும் பருவத்தில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைகள் இறங்குகிற ஊர்களின் பிள்ளைகளுக்கு, அசல் காட்டுக்கோழியின் கூவலைவிட அந்த அத்தியாயம் உடனடித் தேவை.

ஆகவே நண்பருக்கு எழுதியது இவ்வளவே: வகுப்பில் அந்த மின்வேலி அத்தியாயத்தைப் போடுங்கள், ஒவ்வொரு பகுதியையும் நிறுத்தித் தமிழில் சொல்லுங்கள், முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் தள்ளிவிட்டுத் தொடங்குங்கள்.