இறப்பைப் பற்றிய முதல் அறிக்கை: ஒரே படிவமா, அதிகாரியின் விவரிப்பா?

சிங்கப்பூரில் ஒருவர் விபத்திலோ காரணம் புலப்படாத சூழலிலோ இறந்தால், அதை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். காவல்துறை விசாரித்து மரண விசாரணை அதிகாரிக்கு அறிக்கை அளிக்க வேண்டும். 2011 முதல் நடப்பிலுள்ள மரண விசாரணைச் சட்டத்தின் ஏற்பாடு இது. உடற்கூறாய்வு தேவையா, அடுத்து எதை ஆராய்வது என்று முடிவெடுக்கும்போது முதலில் கையில் இருப்பது அந்த அறிக்கைதான் என்பதால், அதன் வடிவம் வெறும் அலுவலக நடைமுறை அன்று. எல்லா இறப்புகளுக்கும் ஒரே படிவத்தை நிரப்புவதா, காவல் அதிகாரி தம் சொற்களில் விவரித்து எழுதுவதா என்பதே கேள்வி.

எல்லா இறப்புகளுக்கும் ஒரே படிவம் என்ற வழிக்கு ஆஸ்திரேலியாவில் வலுவான காரணம் இருந்தது. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் காவல்துறையும் சட்டமும் வேறு. ஆனால் 2000இல் தொடங்கிய தேசிய மரண விசாரணைத் தகவல் முறை அனைத்தையும் ஓரிடத்தில் திரட்டுகிறது. ஒரு மாநில அறிக்கை இறந்தவரின் மனநலச் சிகிச்சையைப் பற்றிக் கேட்டு, இன்னொன்று கேட்காமல் விட்டால், தற்கொலை எண்ணிக்கையை ஒப்பிடுவதே பிழையாகிவிடும். 2010இல் அந்நாட்டு செனட் குழு தற்கொலை குறித்து வெளியிட்ட அறிக்கையும் இத்தகைய தரவுக் குறைபாடுகளைக் கவனத்தில் கொண்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், இறப்புகளை மரண விசாரணை அதிகாரிக்குத் தெரிவிப்பது பற்றிய 2019ஆம் ஆண்டு விதிமுறைகள் நாடு முழுமைக்கும் ஒரே சீரான கடமையை வகுத்தன. எனினும் அவை மருத்துவர்களுக்கு உரியவை, காவல்துறைக்கு அல்ல.

விவரிப்பின் வலிமை வேறு இடத்தில் இருக்கிறது. கட்டுமானத் தளத்தில் ஓர் ஊழியர் விழுந்து இறந்தால், ‘உயரத்திலிருந்து விழுதல்’ என்ற கட்டத்தில் குறியிடுவது எளிது. பாதுகாப்பு வார் அணிந்திருந்தும் அது கயிற்றில் மாட்டப்படவில்லை, மாட்டுவதற்கு அங்கே கயிறே இல்லை, மழை ஓய்ந்த உடனே வேலை தொடங்கியது என்பனவற்றை எந்தக் கட்டமும் முன்கூட்டி ஊகிக்க முடியாது. நேரில் பார்த்த அதிகாரி எழுதினால்தான் உண்டு. ஆனால் விவரிப்பு எழுதுபவரின் அனுபவத்தைச் சார்ந்தது. அவர் குறிப்பிடாத ஒன்று நிகழவில்லையா, கேட்கப்படவில்லையா என்பதைப் படிப்பவர் அறிய வழியில்லை. என் பார்வையில் இதுவே மிகப் பெரிய குறை. படிவமும் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டோடு நின்றால் இதே குறையைச் சுமக்கும். ‘கேட்கப்படவில்லை’, ‘தெரியவில்லை’ என்ற விடைகளும் அதில் இருந்தே ஆக வேண்டும்.

சிங்கப்பூரில் காவல்துறை ஒன்றே என்பதால், ஆஸ்திரேலியாவின் ஒருங்கிணைப்புச் சிக்கல் இங்கு இல்லை. ஆகவே படிவம் தேவையில்லை என்று சிலர் முடிவுக்கு வரலாம், நான் உடன்படவில்லை. தங்குவிடுதியில் இறந்த தமிழ்நாட்டு ஊழியரைப் பற்றி அறிந்தவர்கள் அவருடைய அறைத்தோழர்களே. அவர்கள் தமிழில் சொல்வது ஆங்கிலத்தில் பதிவாகும்போது, சொன்னவர் யார், எந்த மொழியில் சொன்னார், மொழிபெயர்த்தவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் கட்டாயக் கட்டங்கள் வேண்டும். மொழிபெயர்த்தவர் இறந்தவருடைய முதலாளியின் ஆள் என்றால், அது மரண விசாரணை அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டிய தகவல். (குடும்பப் பெயர் இல்லாத நம் பெயர்களுக்கும் படிவத்தில் இடமிருக்க வேண்டும்; தந்தை பெயர் இடம் மாறிப் பதிவானால் ஊரிலுள்ள குடும்பத்துக்குத்தான் அலைச்சல்.)

தற்கொலை முயற்சி 2020 முதல் இங்கே குற்றமில்லை. இருந்தும், முன்பு அவ்வாறு முயன்றிருந்ததைச் சொல்லத் தயங்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அந்தக் கேள்வியைப் படிவமே எல்லாரிடமும் கேட்குமானால், தங்களை மட்டும் சந்தேகிக்கிறார்கள் என்று எந்தத் தாயும் எண்ண வேண்டியதில்லை.

ஆதலால் என் தேர்வு இரண்டும் சேர்ந்ததே: முதலில் கட்டாயமான, குறைந்த எண்ணிக்கையிலான கட்டங்கள், அதன்பின் அதிகாரியின் விவரிப்பு. விவரிப்பை விருப்பப் பகுதியாக விட்டால் பணிச்சுமையில் அது வெற்றிடமாகவே வந்து சேரும் என்பதால், அதுவும் கட்டாயமாக இருக்க வேண்டும். கட்டங்களை நிரப்பிய பின்னர் புதிதாகத் தெரிய வருவதைப் பழையதை அழிக்காமல், தேதியிட்டுச் சேர்க்கும் வசதியும் அதில் வேண்டும்.