மெஷினா, ஒற்றைப் படகா, நால்வர் படகா?

துடுப்பு வலிப்பதை ஜிம்மில் இருந்தபடியே பழகுகிற ரோயிங் மெஷினில் 2,000 மீற்றரை எட்டரை நிமிடத்தில் முடிக்கிற என் நண்பர் சென்ற மாசியில் முதன்முதலாக, ஒருவரே இரண்டு துடுப்பு வலிக்கும் ஒற்றைப் படகில் ஏறினார். கரையிலிருந்து பத்து மீற்றர் போயிருக்க மாட்டார், ஆள் தண்ணீருக்குள். இடுப்பளவு ஆழம்தான். எழுந்து நின்று அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்ப மெஷினில நான் இவ்வளவு நாளும் என்ன பழகினன்?"

நியாயமான கேள்வி. நாற்பதைத் தாண்டி இந்த விளையாட்டுக்கு வருகிற எங்களைப் போன்றவர்களுக்குக் கிழமையில் மூன்று விடியற்காலை கிடைத்தாலே பெரிய காரியம். அந்த மூன்று மணித்தியாலத்தை எதில் போடுவது என்பதுதான் மட்டக்களப்பு வாவியின் கல்லடிப் பாலத்தடியில் எங்களுக்குள் ஓயாத வாக்குவாதம். நான் ஒற்றைப் படகுக் கட்சி. அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

மெஷினுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். மழையோ காற்றோ அதற்குப் பொருட்டில்லை. எண் பொய் சொல்லாது. 500 மீற்றருக்கு இரண்டரை நிமிடம் எடுக்கிறவர் ஏறக்குறைய 104 வாட் வேலை செய்கிறார். அதையே இரண்டு நிமிடமாகக் குறைக்க 200 வாட்டுக்கு மேல் வேண்டும். வேகம் கால் பங்கு கூட, உழைப்பு இரட்டிப்பாகிறது. இது தெரியாமல் மாதாமாதம் பத்து விநாடி குறைப்பேன் என்று கிளம்பி மனமுடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காற்றுச்சக்கரத்தின் பக்கத்தில் 1 முதல் 10 வரை ஒரு லீவர் இருக்கும். ஜிம்முக்குப் புதிதாக வருகிற ஆண்கள் அனைவரும் தவறாமல் அதைப் பத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். பத்து என்றால் உடம்புக்கு அதிக நல்லது என்று அர்த்தமில்லை. பாரமான, மந்தமான படகை இழுப்பது போன்ற உணர்வு, அவ்வளவுதான். முதுகு பிடிப்பதுதான் மிச்சம். மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் வைத்தால் ஓடுகிற படகின் உணர்வுக்குக் கிட்ட வரும்.

முதலில் கால், பிறகு முதுகு, கடைசியில் கை. திரும்பும்போது கை, முதுகு, கால். இந்த ஒழுங்கை உடம்பில் ஏற்ற மெஷினை விட நல்ல இடமில்லை. போனைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து ஒரு நிமிடம் வீடியோ எடுத்துப் பாருங்கள். கால் நீளும் முன்பே கை மடங்குவதைப் பார்த்து உங்களுக்கே வெட்கமாக இருக்கும்.

ஆனால் மெஷின் ஒரு பெரிய விஷயத்தை மறைக்கிறது. அது நிலத்தில் நிற்கிறது, நீங்கள் ஓடும் இருக்கையில் முன்னும் பின்னும் போய்வருகிறீர்கள். தண்ணீரில் கதை தலைகீழ். பந்தய ஒற்றைப் படகின் எடை 14 கிலோ சொச்சம், நீளம் எட்டு மீற்றர், அகலம் உங்கள் இடுப்புக்குச் சரி. அதில் 75 கிலோ ஆள் இருந்தால் நகர்வது ஆள் அல்ல, அவருக்குக் கீழே படகு. இழுத்து முடித்து முன்னுக்கு வரும்போது அவசரப்பட்டீர்களானால், அத்தனை பாரமும் கால்பலகையில் போய் முட்டிப் படகை நிறுத்திவிடும். மெஷினில் அதே அவசரத்துக்கு எந்தத் தண்டனையும் இல்லை. நண்பர் பழகியிருந்தது அந்த அவசரத்தைத்தான்.

ஒற்றைப் படகில் கைகளைப் பாருங்கள். இரண்டு துடுப்பின் பிடிகளும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஒரு சாண் அளவு குறுக்கிடும். வழக்கமாக இடது கை மேலே. உயரம் ஒரு விரல் பிசகினால் இடது கை நகம் வலது கை விரல் முட்டியைச் சீவிவிடும். எனக்கு முதல் மூன்று மாதமும் அந்த முட்டியில் தோல் இருந்ததேயில்லை. மீன் குழம்பு பிசையும்போது எரிகிற எரிவு இருக்கிறதே! பிழை எங்கே என்று பயிற்றுநர் சொல்லத் தேவையில்லை, கை சொல்லும். துடுப்பின் அலகு சரிந்தபடி தண்ணீருக்குள் போய் மாட்டிக்கொண்டால் பிடி வயிற்றில் குத்தும். ஆங்கிலத்தில் இதற்கு நண்டு பிடிப்பது என்று பெயர். வாவி நண்டு பிடித்துப் பழகிய ஊர்க்காரனுக்கு அந்தப் பெயரின் நியாயம் இன்றுவரை விளங்கவில்லை.

காதும் உதவும். இந்த வாவியின் பெயர்பெற்ற பாடும் மீனின் ஓசையைக் கேட்கப் பெரியவர்கள் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காது வைப்பார்கள். ஒற்றைப் படகில் அந்தச் சிரமம் வேண்டாம். நிமிடத்துக்கு 20 இழுவை, ஒவ்வொன்றும் மூன்று விநாடி. ஒரு விநாடி இழுப்பு, இரண்டு விநாடி திரும்பி வருதல். இந்தக் கணக்குச் சரியாக விழுந்தால் படகின் அடியில் குமிழிகள் ஓடுகிற கிளுகிளு சத்தம் கேட்கும். அவசரப்பட்டால் நின்றுவிடும்.

குறைகள்? ஏராளம். விடிய ஏழரைக்குப் பிறகு காற்று எழும்பினால் புதியவருக்கு வாவி உதவாது. கச்சான் வீசுகிற மாதங்களில் இன்னும் முந்தியே கரைக்கு வரவேண்டும். முதுகைக் காட்டிக்கொண்டு போவதால் வலைக்கம்பும் மிதக்கிற ஆற்றுவாழைச் செடியும் கண்ணில் படாது. பத்து இழுவைக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தே ஆகவேண்டும். தோணியில் கம்பூன்றிப் போன ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "என்ன மனே, போற இடத்தப் பாக்காமப் போறாய்?" என்றார். பதில் சொல்லத் திரும்பினேன், படகு ஆடியது. அப்புறம் முதலை. உண்டா என்று எல்லோரும் கேட்பார்கள். உண்டு. ஆகவே எங்கே பழகுவது என்பதை அந்த வாவியில் தொழில் செய்கிறவர்களிடம் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். தனியே போகவும் கூடாது.

நால்வர் படகைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, அதன் சுகத்தைத் தவிர. நான்கு பேரின் துடுப்பும் ஒரே சத்தத்தில் விழும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே ஆட்கள் இந்த விளையாட்டில் வருடக்கணக்காக இருக்கிறார்கள். படகும் அவ்வளவு ஆடாது. சிக்கலும் அங்கேதான்: உங்கள் பிழையை மற்ற மூவரும் சுமந்துவிடுவார்கள், உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆளுக்கு ஒரு துடுப்பு வைத்து வலிக்கும் வகையென்றால் உடம்பு எப்போதும் ஒரே பக்கம் திரும்பும். ஏற்கெனவே முதுகுவலி உள்ளவர் ஆளுக்கு இரண்டு துடுப்பு உள்ள வகையைத்தான் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் விட, நான்கு பெரியவர்கள் ஒரே விடியலில் வரவேண்டும். 5.10க்கு வாட்ஸ்அப்பில் "பிள்ளைக்குக் காய்ச்சல்" என்று ஒரு செய்தி விழுந்தால் மற்ற மூவரும் கரையில் நின்று தேநீர் குடிக்க வேண்டியதுதான்.

சரி, மூன்று மணித்தியாலத்தை என்ன செய்வது? தொடங்கி ஒரு மாதத்துக்குள் என்றால் இரண்டு மெஷின், ஒன்று நால்வர் படகில் அனுபவசாலிகளுக்கு நடுவே. அதற்குப் பிறகு இரண்டை ஒற்றைப் படகுக்கு மாற்றுங்கள். வேகம் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு இழுவைக்கும் பிறகு கையை நீட்டி இரண்டு விநாடி அசையாமல் இருந்து, படகு எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்துத் தொடர்வது ஒன்றே போதும், ஒரு மாதத்துக்கு.

நண்பர் இப்போது பாலம் வரை போய் நனையாமல் திரும்பி வருகிறார். மெஷினில் அவருடைய நேரம் பன்னிரண்டு விநாடி கூடிவிட்டதாம், அதில் கொஞ்சம் கவலை. கார்த்திகையில் வாடை தொடங்கி மழை அடைத்துவிட்டால் இரண்டு பேருமே ஜிம்முக்குத்தான் போகவேண்டும். லீவரை நாலில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.