நல்லூர்க் கோயிலடி ஐஸ்கிரீம் கடை: பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கோ

1990இல் போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது நாங்கள் சின்னப் பிள்ளைகள். மண்ணெண்ணெய் யானை விலை, அதனால் ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்ச எண்ணெயில் திரி எரித்துத்தான் படித்தோம், பற்றரிக்குத் தடை என்பதால் சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். ஐஸ்கிரீம் எங்கள் வீட்டுக்கு எட்டாத சாமான். 2002இல், போரால் மூடிக் கிடந்த ஏ9 பாதை (கண்டி–யாழ்ப்பாணம் றோட்டு) திறந்த பிறகுதான் ஆசை தீரக் குடித்தோம்.

இந்தக் கடையின் ‘ஸ்பெஷல்’ ஐஸ்கிரீம் அருமை: உயரமான கண்ணாடிக் கிண்ணம், அடியில் ஜெலி, மேலே கச்சானும் (நிலக்கடலை) வேஃபரும். இனிப்புத்தான் கொஞ்சம் கூட. திருவிழா நாட்களில் கதிரை கிடைக்காது, பின்னேரப் பூசைக்கு முதலே போய்விடுங்கோ.