பேனாக் கட்டைக்குப் பால்மரமா, பலாவா?

தோட்டத்துப் பால்மரம் (ரப்பர் மரம்) 25, 30 வருஷத்தில் மறுநடவுக்காகச் சாய்க்கப்படும். கொல்லைப் பலாவோ வீட்டைப் பெரிதாக்கும்போது போகும். ஞாபகத்துக்கு ஒரு துண்டு எடுத்துக் கடைசல் இயந்திரத்தில் பேனா கடைய நினைத்தால், நிபோங் திபாலானாலும் கோலாலம்பூரானாலும் முதல் எதிரி ஈரம்தான்.

பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாளிலேயே நீலப்பூஞ்சை ஏறும், பிறகு வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். உருளையாகப் போட்டுவைக்காமல் அன்றைக்கே 22 மி.மீ. சதுரம், 140 மி.மீ. நீளத்தில் அறுத்து, போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைக்க வேண்டும். நீலக்கறை தேய்த்தால் போகாது. ஆனால் பலம் பெரிதாகக் குறையாது, கறையோடே கடையலாம்.

பலாவுக்கு இந்த அவசரம் இல்லை. வெளிவெள்ளையைக் கழித்துவிட்டு மஞ்சள் வைரத்தை, அதாவது உள்ளிருக்கும் கெட்டி மரத்தை, மட்டும் எடுங்கள். அந்த மஞ்சள் வெளிச்சம் படப்படப் பழுப்பாகும். பரிசாகக் கொடுப்பவர் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டுக்கும் நுனிகளில் மெழுகு பூசி, நிழலில் அடுக்கி, வாரம் ஒருமுறை சமையல் தராசில் நிறுங்கள். எடை இறங்குவது நின்றாலும் நம் காற்றில் உலர்ந்த மரத்தில் சுமார் 15% ஈரம் நிற்கும். ஏர்கோன் அறைக்குப் போனால் மரம் இன்னும் சுருங்கும், பேனாவுக்காக மரத்தைத் துளைத்து உள்ளே ஒட்டும் பித்தளைக் குழாய் சுருங்காது. வெடிப்பு அங்கேதான் விழும். துளையிடும் முன் சில வாரம் ஏர்கோன் அறையிலேயே வையுங்கள். 7 மி.மீ. துளையில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் பிட்டை வெளியே இழுத்துத் தூளைத் தட்டுங்கள், சூடேறினால் கட்டை பிளக்கும். குழாயை ஒட்ட எப்பாக்சி போதும்.

மெல்லிய ஸ்லிம்லைன் பேனாவில் முனைப்பக்க மரச்சுவர் 1 மி.மீ.கூட இருக்காது. அங்கே உப்புத்தாள், கடையும்போது கட்டையின் நுனியில் மாட்டும் இரும்பு வளையமான புஷ்ஷிங்கை உரசினால் கருந்தூள் கிளம்பும். பலாவில் தெரியாது, வெளிறிய பால்மரத்தின் நுண்துளைகளில் அழுக்காக உட்கார்ந்துவிடும். முதலில் நீர்த்த சூப்பர் குளூ ஒரு பூச்சுப் பூசித் துளைகளை அடைத்துவிட்டு, பிறகு 240, 400, 600 என்று தேயுங்கள். பலாவுக்கு எண்ணெயும் மெழுகுமே அழகு.

இரண்டும் கைவசம் இருந்தால் பலாவைத்தான் சொல்வோம். பால்மரம் வெட்டி மாதக்கணக்காகிவிட்டதா? அதை விட்டுவிடுங்கள். பழைய ரப்பர்மர நாற்காலிக் கால் பதப்படுத்தி உலர்த்தியது, தாராளமாகக் கடையலாம். அது உங்கள் தோட்டத்து மரமாக இருக்காது, அவ்வளவுதான்.

தென்னை? அடிமரத்தின் வெளிவிளிம்பு மட்டும். நடுப்பகுதி உளியிலேயே உதிரும்.